கோணல் ஓட்டைப் பலகை

கனிசியஸ் பலகையை அறுத்து முடித்தபோது பலகை இரண்டு துண்டாகியிருந்தது. அதற்குக் கீழே கிடந்த, உட்காருகிற மர வாங்கும் இரண்டு துண்டாவதற்கு ஒரு விரற்கடைதான் பாக்கி. வாள் ஏன் இப்படி இறுகிக்கொண்டு நிற்கிறதென்று இடையில் அவருக்கு யோசனை வந்தது உண்மைதான். யோசனை வந்தவுடன் கையை நிறுத்துகிற பழக்கம் ஐம்பத்தெட்டு வயதுவரை வராதது அன்றைக்கு மட்டும் எப்படி வரும்? மூச்சைப் பிடித்து இன்னும் ஒருக்கால் இழுத்தார். பலகைத் துண்டு நிலத்தில் விழுந்தது. வாங்கு ஒரு பக்கம் சரிந்து, அதன்மேல் இருந்த தேத்தண்ணியை அவருடைய காலில் ஊற்றியது.

லூர்த்தம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தாள்.

"என்ன சத்தம்?"

"ஒண்டுமில்லை. வாங்குக்கு வயசு போட்டுது."

லூர்த்தம்மா கொண்டுவந்த சீதனத்தில் மிஞ்சியிருந்தவை இரண்டு: ஒன்று அந்த வாங்கு, மற்றது அவளுடைய தொண்டை. ஒன்று போய்விட்டதால் மற்றது இப்போது அடுத்த ஒழுங்கைவரை கேட்கப்போகிறதென்று கனிசியஸ் காதைத் தயார்படுத்திக்கொண்டு நின்றார். கேட்கவில்லை. அவள் வாங்கைப் பார்க்கவேயில்லை. குனிந்து பலகைத் துண்டொன்றை எடுத்தாள். அதன் ஒரு மூலையில் விரல் நுழையும் அளவில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்குள் ஆள்காட்டி விரலைவிட்டுத் தடவினாள்.

"இது எங்காலை?"

"கடல்மாதா தந்தவா."

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லுங்கோ."

"இறங்குதுறைக்கு அங்காலை, சிறகுவலை கட்ட நட்ட கட்டையளுக்குள்ளை செருகிக்கொண்டு கிடந்தது. விடியப் போன இடத்திலை கண்டனான். முழங்கால் தண்ணிதான். பார், ஓட்டையும் போட்டே தந்திருக்கிறா. பிள்ளையின்ரை பலகைக்கு வார் கொழுவ வேறை ஓட்டை துளைக்கத் தேவையில்லை."

"எல்லாப் போட்டும் கரைக்கு வந்திட்டுதோ?"

கனிசியஸ் வாளைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கரையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. கடல் ஒதுக்கிய மரத்தை, அது தேக்கானாலும், அன்றைக்குத் தொழிலுக்குப் போன போட்டுகள் எல்லாம் திரும்புமுன் ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். வலைக் கொட்டிலோரம் நிமிர்த்திச் சாத்திவைப்பார்கள். வந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் பார்த்து, 'எங்கடை இல்லை' என்று சொன்ன பிறகுதான் அது கண்டெடுத்தவனுக்குச் சொந்தம். அறுக்கிற கதைக்கே இடமில்லை. கனிசியஸுக்கு இது தெரியாததல்ல. சாத்திவைத்தால் 'எங்கடை இல்லை' என்று சொல்லவேண்டிய ஆட்களில் ஐந்து பேராவது 'எங்கடைதான்' என்று சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். நல்ல பலகை. பாரமில்லை. பழைய சாறமொன்றால் மூடி, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"எல்லாம் வந்திருக்கும். எங்கடை பெடியன் மட்டுந்தான் பாக்கி. அவன் இந்நேரம் ஏலத்திலை நிண்டு விலைக்குச் சண்டை பிடிப்பான்."

"போய்ப் பாத்தனீங்களோ?"

"இனித்தான் போகவேணும்."

"அப்ப ஏன் அறுத்தனீங்கள்?"

லூர்த்தம்மா பலகைத் துண்டை மெதுவாக, முட்டை வைப்பதுபோல் நிலத்தில் வைத்தாள். "அதை அடுப்புக்குள்ளை வையுங்கோ. பிள்ளைக்கு வேறை வாங்கலாம்" என்றுவிட்டு உள்ளே போனாள். குசினிக்குள் அகப்பைச் சத்தம் கேட்க நெடுநேரமாயிற்று.

சரிந்த வாங்குக்கு ஒரு கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு கனிசியஸ் வானத்தைப் பார்த்தார். மார்கழி வாடை. கழுவாத தாச்சிச் சட்டியைக் கவிழ்த்துவைத்ததுபோல் மேகம். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. முழங்கால் காற்றுக்கு முந்தியே அவருக்கு அதைச் சொல்லியிருந்தது. போட்டுக்கும் இறங்குதுறைக்கும் இடையில் அந்த முழங்கால் நசிந்த நாளோடு அவருடைய தொழில் கரைக்கு வந்துவிட்டது. இப்போது மற்றவர்களின் கிழிந்த வலையைப் பொத்துகிறார், மற்றவர்களின் கதையையும் பொத்துகிறார் என்று துறையில் சொல்வார்கள். போட்டை மகன் ஜெறோம் ஓட்டுகிறான்.

பலகை மகளுக்காக. ஸ்ரெல்லா மருதனார்மடத்தில் சித்திரம் படிக்கிறாள். வகுப்புக்குள் இருந்து பூச்சாடியைக் கீறுகிற காலம் முடிந்து, இப்போது வெளியே போய்க் கீறிக்கொண்டு வரச் சொல்கிறார்களாம். சந்தையில் மரக்கறிக்காரி, ஆஞ்சநேயர் கோயிலடியில் கற்பூரம் விற்கிறவர், பஸ்ஸில் தூங்கிவிழுகிற கந்தோர் உத்தியோகக்காரர் என்று ஒருவரையும் அவள் மிச்சம் வைப்பதில்லை. நின்றபடி கீறவேண்டும். பிஸ்கற் பெட்டி மட்டையை இடது கையில் பிடித்துக்கொண்டு கீறுவாள். மட்டை வளையும், காற்றுக்குத் தாள் எழும்பும், மழைக்கு எல்லாம் கூழாகும். மடிக்கிற பலகையொன்று வேண்டுமென்று ஐப்பசியில் கேட்டாள். கனிசியஸ் 'நாளைக்கு' என்றார். அந்த நாளைக்கு மார்கழிவரை வந்துவிட்டது.

எப்படிச் செய்யவேண்டுமென்று அவளே ஒரு தாளில் கீறிக் கொடுத்திருந்தாள். இரண்டு பலகைத் துண்டு, நடுவில் பிணைச்சல், புத்தகம் மாதிரி விரியவேண்டும். மேலே தாளைக் கவ்வ இரண்டு கிளிப். கழுத்தில் கொழுவ ஒரு வார். வாரில் தொங்கும்போது பலகை இடுப்பளவில் மேசைபோல் நிற்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும். மடித்தால் தாள் உள்ளே, மழை வெளியே.

"எல்லாம் சரி, பஸ்ஸிலை இதை ஆற்றையேன் தலையிலை போட்டியெண்டால் அவரைப் படுத்தபடியே கீறலாம்" என்று கனிசியஸ் அன்றைக்குச் சொன்னார்.

ஸ்ரெல்லா சிரிக்கவில்லை. ஜெறோம் சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான். தகப்பனின் பகிடி பழையதானாலும், புளித்ததானாலும், முதல் தரம் கேட்பவன்போல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். சிரித்துவிட்டால் பிறகு அவனுக்கு மனதில் ஒன்றும் நிற்காது. ஒருமுறை, கொழும்பில் கடையொன்றில் வேலையென்று பையோடு வெளிக்கிட்டுப் படலைவரை போய்விட்டான். லூர்த்தம்மா அழுது பார்த்தாள், ஸ்ரெல்லா பையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். கனிசியஸ் படலையில் சாய்ந்துகொண்டு, "போட்டு வா தம்பி. ஒண்டு மட்டும் சொல்லுறன். கொழும்பிலை மீன் விக்கிற விலைக்கு உன்ரை சம்பளத்திலை சூடையின்ரை தலையை வாங்கலாம். வால் வேணுமெண்டால் சீட்டுக் கட்டவேணும்" என்றார். ஜெறோம் சிரித்தான். சிரித்துச் சிரித்துப் பையைக் கீழே வைத்தான். பிறகு எடுக்கவில்லை.

கனிசியஸ் சைக்கிளை எடுத்தார். ஜெறோமைப் பார்க்கவும் வேண்டும், பிணைச்சல் வாங்கவும் வேண்டும்.

இறங்குதுறையில் ஏலம் முடிந்து, தண்ணி ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நாய்கள் மட்டும் இன்னும் விலை பேசிக்கொண்டிருந்தன. ஜெறோமின் போட் நிற்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. கயிறு கட்டுகிற கட்டையில் ஒரு காகம்.

அந்தப் போட்டை ஒரு மாதத்துக்கு முன்தான் ஜெறோம் நிறம் மாற்றினான். முன்பு நீலம். முன் அணியத்தில் மஞ்சள் கோடு, பக்கத்தில் கனிசியஸ் எழுதிய அந்தோனியார், அவர் எழுதியபடியால் கொஞ்சம் சரிந்த அந்தோனியார். எல்லாவற்றின்மேலும் சாம்பல் நிறம் அடித்துவிட்டான். "என்னடா தம்பி, கடலுக்குள்ளை போட்டைத் துலைக்கப்போறியோ? சவப்பெட்டிக்கும் இப்பிடி நிறம் அடிக்கமாட்டினம்" என்று கனிசியஸ் சொன்னார். அதற்கும் அவன் சிரிக்கத்தான் செய்தான். இப்போது நினைத்துப் பார்த்தால், அன்றைக்குச் சிரித்த சிரிப்பு கொஞ்சம் கட்டையாகத்தான் இருந்தது.

லூர்த்தம்மாவின் தமையன் செபநாயகம் கொட்டிலுக்குள் இருந்து ஒரு போட்டின் வெடிப்புக்குப் பசை பூசிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ரண்டு பிணைச்சல் வேணும். துருப்பிடிக்காத சாதி. காசு கேக்காத சாதியாயும் இருந்தால் நல்லம்."

மற்ற நாளாக இருந்தால் செபநாயகம் இதற்கு மூன்று வசை சொல்லியிருப்பார். அன்றைக்குப் பேசாமல் எழும்பிப் பெட்டியைத் திறந்தார். நல்ல பித்தளைப் பிணைச்சல் இரண்டைத் தேடியெடுத்து, ஆணியும் சேர்த்து, கடதாசியில் சுற்றிக் கையில் வைத்தார்.

"என்ன மச்சான், சுகமில்லையோ?"

"இல்லை, சும்மா."

"இப்பிடி ஏச்சில்லாமல் தந்தால் நான் எப்பிடி வாங்கிறது? வீட்டை போய்ச் சொன்னால் லூர்த்து களவெடுத்தது எண்டு சொல்லுவாள்."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த இருவரும் தலையை நிமிர்த்தவில்லை. ஒருவன் எழும்பி, தேவையில்லாத ஒரு வேலையாக அந்தப் பக்கம் போனான்.

"ஜெறோம் வரேல்லையோ மச்சான்?" என்று கனிசியஸ் கேட்டார்.

"வருவான்."

"நேற்றுப் பின்னேரம் போனவன். விடிய வரவேணும். கூடத் தொழில் செய்யிற பிரகாஸும் போனவன். அவன்ரை வீட்டிலை ஏதும் கேட்டியளோ?"

"காத்து ஒரு மாதிரி. எங்கையேன் ஒதுங்கி நிப்பாங்கள்."

"காத்து இண்டைக்கு விடியத்தானே எழும்பினது. ராவு கடல் குளம் மாதிரிக் கிடந்தது. நான் பாத்தனான்."

"அப்ப எஞ்சின் ஏதும் பிழைச்சிருக்கும்."

"எஞ்சின் போன கிழமைதான் நீங்கள் கழட்டிப் பூட்டினது."

செபநாயகம் பசைத் தகரத்தை எடுத்து மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். "வருவான் மச்சான். நீ வீட்டை போ. மழை வருது."

திரும்பிப் போகும்போது கனிசியஸ் ஜெறோமுக்கு இரண்டு தரம் போன் அடித்துப் பார்த்தார். தொடர்புகொள்ள முடியாதென்று ஒரு பெண்பிள்ளை முதலில் சிங்களத்தில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். அவளிடமும் ஏதாவது பகிடி விடலாமா என்றுகூட அவருக்கு ஒருக்கால் தோன்றியது.

மத்தியானம் லூர்த்தம்மா சோறு போட்டாள். திரளி மீன் குழம்பு, முருங்கையிலை வறை. அவர் வழமைபோல் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஜெறோம் கடலால் வந்தால் ஒரு கோப்பை சாப்பிடமாட்டான், ஒரு மலை சாப்பிடுவான். அதற்கென்று லூர்த்தம்மா எப்போதும் ஒரு சுண்டு அரிசி கூடப் போடுவாள். பானைக்குள் இருந்தது அவளுக்கும் ஸ்ரெல்லாவுக்கும் மட்டுமான சோறு.

"தம்பிக்கு?"

"வந்தால் போடலாம்."

"வந்தால் எண்டால்?"

"வந்தாப் பிறகு எண்டு சொன்னனான். சாப்பிடுங்கோ, ஆறுது."

அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கதவினூடாகத் தெரிந்த முற்றத்தைப் பார்த்தாள். முற்றத்தோரத்தில் பலகைத் துண்டுகள் கிடந்தன. 'அடுப்புக்குள்ளை வையுங்கோ' என்று சொன்னவள், அவர் துறைக்குப் போன நேரம் அவற்றைத் தூறல் படாமல் கூரைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி வைத்திருந்தாள். கனிசியஸ் மீன் முள்ளை ஆய்ந்துகொண்டு இருந்தார். முள்ளில்லாத இடத்திலும் ஆய்ந்துகொண்டிருந்தார்.

சாப்பிட்டபின் வேலையில் இறங்கினார். கை சும்மா இருந்தால் தலை சும்மா இராது. பிணைச்சலை வைத்து அடையாளம் போட்டார், ஆணி இறுக்கினார். முதல் தரம் பிழையான பக்கம் பூட்டிவிட்டார். பலகை புத்தகம்போல் விரியாமல் கதவுபோல் ஆடியது. கழற்றித் திரும்பப் பூட்டினார். இனி வார். வாருக்கு அவர் நெடுநாளாக ஒரு திட்டம் வைத்திருந்தார்.

வளவின் மூலையில் இருந்த அவர்களுடைய வலைக் கொட்டிலின் பின்சுவரோடு நாலு லைஃப் ஜக்கெற் இருந்தன. கடற்றொழிலாளர் சங்கத்தால் கொடுத்தவை. அவற்றை ஒருவரும் போட்டதில்லை. 'நீந்தத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு, தெரியாதவன் எதுக்குக் கடலுக்கு?' என்று ஜெறோமே சொல்லுவான். மூன்று ஆணியில் தொங்கின, நாலாவது கீழே விழுந்து, அதில் ஒரு சிவப்புக் கோழி குடியேறி அடைகிடந்தது. அவற்றில் ஒன்றின் பட்டி நல்ல உறுதி. கொளுக்கியும் இருக்கிறது. அறுத்தெடுத்தால் பலகைக்கு அளவான வார்.

கத்தியோடு கொட்டிலுக்குள் போன கனிசியஸ் அங்கேயே நின்றார்.

ஆணிகள் மூன்றும் வெறுமையாக இருந்தன. கீழே பார்த்தார். கோழியின் ஜக்கெற்றும் இல்லை. அது கிடந்த இடத்தில் பழைய ஓட்டைத் தாச்சியொன்று. தாச்சிக்குள் வைக்கோல் பரப்பி, ஏழெட்டு முட்டையும் ஒன்றுடன் ஒன்று முட்டாமல் அடுக்கியிருந்தது. கோழி அதன்மேல் அரைகுறை மனதோடு இருந்து, கனிசியஸைக் கண்டதும் நீதான் செய்தாய் என்பதுபோல் கொக்கரித்தது.

களவெடுக்க வந்தவன் முட்டையையும் கொண்டுபோவான். முட்டைக்கு வைக்கோல் பரப்பிவிட்டுப் போகிற கள்ளன் அந்த வளவுக்குள்தான் வளர்ந்திருக்கவேண்டும்.

அவர் திரும்பி வந்து தாழ்வாரத்துக் கல்லொன்றில் இருந்தார். அரத்தாளை எடுத்துப் பலகையின் ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கினார். பாசி போயிற்று. ஊத்தை போயிற்று. ஓட்டையின் உள்விளிம்பில் ஒரு சுருள் நிறம் எழும்பியது. நீலம். ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் நேரே போகவில்லை. ஒரு பக்கம் சரிந்து, சுற்றி வளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது.

இந்தப் பூமியில் இவ்வளவு கோணலாக ஓர் ஓட்டை போடக்கூடிய ஆள் ஒருவர்தான்.

போட்டின் அடித்தளத்தில், வலை நனையாமல் இருப்பதற்குப் போடுகிற அடிப்பலகை. தூக்குவதற்கு விரல் நுழைய ஓர் ஓட்டை வேண்டுமென்று அவர்தான் துளைத்தார். கோணலாகப் போனபோது லூர்த்தம்மா பக்கத்தில் நின்று, "ஓட்டைக்கும் சாராயம் பருக்கினனீங்களோ?" என்று கேட்டாள். காலையில் அவள் விரலை விட்டுத் தடவியது எதற்கென்று இப்போது விளங்கியது. அவள் அப்போதே கண்டுவிட்டாள். அவர்தான் தன் கைவேலையைத் தானே அடையாளம் காணாமல் அறுத்துக்கொண்டிருந்தார்.

போட்டுக்குள் கிடக்கவேண்டிய பலகை தண்ணீரில் கிடந்தால் போட் எங்கே கிடக்கும்?

ஆனால் கடலில் திரிந்த மூளை பயத்துக்குள்ளும் கணக்குப் பார்த்தது. ராத்திரி காற்றில்லை. விடியக் காற்றெழும்பியது, கரையிலிருந்து கடலுக்கு. இந்த வாடைக்கு வெளிக்கடலில் விழுந்த பலகை இந்தக் குருநகர்க் கரைக்கு வராது, எதிரேயுள்ள பூநகரிப் பக்கம்தான் போகும். இது துறைக்குப் பக்கத்திலேயே கட்டைகளுக்குள் செருகிக் கிடந்தது. அப்படியென்றால் இது கடலில் விழவில்லை. கரையில் விழுந்தது. கரையில் நிற்கிற போட்டிலிருந்து அடிப்பலகை தானாக விழாது. யாரோ கழற்றி எறியவேண்டும். அடிப்பலகையைக் கழற்றினால் வலை போடமுடியாது. வலை போடாதவன் கடலுக்கு எதற்குப் போகிறான்?

மேற்கொண்டு யோசிக்க அவருக்கு விருப்பமில்லை. அரத்தாளை மாற்றினார். ஒரு மூலையும் குத்தாதபடி எட்டு மூலையையும் உருட்டித் தேய்த்தார். தாளைக் கவ்வ அலுமாரிக்குள் கிடந்த இரண்டு கிளிப்பை ஆணியடித்துப் பொருத்தினார். எல்லாவற்றையும் அன்றைக்கு அவர் நேராகச் செய்தார். இத்தனை வருடத்தில் அவர் கையால் நேராக வந்த ஒரே சாமான் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்ரெல்லா பின்னேரம், மழை இறங்க முந்தி, வழமையைவிட நேரத்தோடு வந்துவிட்டாள். படலையைத் திறந்தவள் பலகையைக் கண்டு அப்படியே நின்றாள். பையைக் கழற்றவில்லை.

"என்ன பிள்ளை, பேயைக் கண்ட மாதிரி? நான்தான் செய்தது. ஆனபடியால் பேயை மாதிரித்தான் இருக்கும்."

"வடிவா இருக்கப்பா." குரல் ஒட்டவில்லை. "பலகை எங்கை எடுத்தனீங்கள்?"

"இண்டைக்கு எல்லாரும் ஒரே கேள்வி. துறையடியிலை கிடந்தது."

"ஒண்டுதான் கிடந்ததோ?"

கனிசியஸ் தலையை நிமிர்த்தினார். ஒண்டுதானோ என்று கேட்கிறவளுக்கு எத்தனை என்று தெரிந்திருக்கவேண்டும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பிணைச்சலைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"ஒண்டுதான்" என்றார். "வார்தான் இல்லை. ஜக்கெற்றிலை அறுக்கப் பாத்தன். கோழியிட்டைக் கேட்டன், அது ஒண்டும் சொல்லமாட்டனெண்டுது."

ஸ்ரெல்லா உள்ளே போனாள். வரும்போது ஜெறோமின் பழைய பையின் தோள்வாரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். கொழும்புக்கென்று கட்டிய அதே பை.

"தம்பியின்ரை பையெல்லோ? அவன் தேடமாட்டானோ?"

"அவனுக்கு இனித் தேவையில்லை" என்றாள். சொன்ன வாயை மூடமுடியாமல் அப்படியே நின்றாள்.

மழை தகரத்தில் விழத் தொடங்கியது. கனிசியஸ் வாரை வாங்கி, கோணல் ஓட்டைக்குள் ஒரு முனையை நுழைத்து முடிந்தார். மற்றப் பக்கத்துக்கு ஆணி போட்டார். எழும்பி மகளின் கழுத்தில் கொழுவினார். பலகை இடுப்பளவில் விரிந்து, அவள் சொன்னபடி மேசைபோல் நின்றது. அவள் தாளைக் கவ்வவிட்டு, கையை எடுத்துப் பார்த்தாள். தாள் அசையவில்லை.

"ஒருக்கால் கீறிப் பாக்கட்டோ அப்பா? உதிலை இருங்கோ. அசையாமல்."

"என்னையோ? தாள் வீணாப் போகுமெல்லோ."

"அண்ணை..." அவள் நிறுத்தினாள். "அண்ணை உங்கடை படம் ஒண்டு கேட்டவன். கீறிப் போனிலை அனுப்பச் சொன்னவன்."

கனிசியஸ் கல்லில் இருந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்தார். பென்சில் தாளில் உரசுகிற சத்தம் மழைக்குள்ளும் கேட்டது. குசினி வாசலில் லூர்த்தம்மா வந்து நின்றாள். கையில் துடைக்கிற துணி, துடைக்காமல்.

"பிள்ளை."

"ஆடாதேங்கோ."

"நான் ஒண்டு கேக்கிறன். பகிடி இல்லை." அவருடைய குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "இது எங்கடை போட்டின்ரை அடிப்பலகை. ஓட்டை நான் போட்டது. கடலிலை விழுந்த பலகை இந்தக் காத்துக்கு இஞ்சை வராது. ஜக்கெற் நாலும் இல்லை. முட்டை தாச்சிக்குள்ளை கிடக்குது. கொம்மா அவனுக்கு அரிசி போடேல்லை. கொம்மான் செபநாயகம் என்னை ஏசேல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சதை எனக்குச் சொல்லு. என்ரை பிள்ளை எங்கை?"

பென்சில் நின்றது. ஸ்ரெல்லா தாயைப் பார்த்தாள். தாய் அவளை முந்திக்கொண்டாள்.

"போட் கடலுக்குள்ளை தாண்டுபோச்சோடி? நேரைச் சொல்லு. காலமையிலை இருந்து நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். உவர் பலகையை அறுத்துப்போட்டார். அந்தப் பலகை எப்பிடிக் கரைக்கு வந்தது?"

"இல்லையம்மா! பலகையெல்லாம் நாங்கள்தான் கழட்டினது. அண்ணையும் நானும். நேற்றுத் துறையிலை வைச்சு. ஆக்களுக்கு இடம் காணாதெண்டு கழட்டித் தண்ணிக்குள்ளை விட்டனாங்கள். நீங்கள் என்னட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே."

லூர்த்தம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இருந்தாள். துணியால் முகத்தை மூடினாள்.

"ஆக்களுக்கோ?" என்றார் கனிசியஸ். "என்ன ஆக்கள்?"

"அண்ணை தொழிலுக்குப் போகேல்லை அப்பா. பிரான்ஸ்காரற்றை றீயூனியன் தீவுக்கு, வேறை ஆக்களோடை களவாப் போறான். வெளியிலை பெரிய போட் ஒண்டு நிக்குதாம். அதுக்குப் போக எங்கடை போட். எங்கடை போட்டைப் பிரகாஸ் திருப்பிக் கொண்டுவாறதெண்டு கதை. இழுவைப் படகுக்காரர் ரண்டாந்தரம் வலையை அறுத்ததோடை அவன் முடிவெடுத்திட்டான். அம்மாவுக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரியும்."

"பிரகாஸ் வந்திட்டானோ?"

"இல்லை."

"பெரிய போட்டிலை ஏறிட்டானோ?"

"ஏறினவுடனை ஒரு மெசேச் போடுவன் எண்டு சொன்னவன்."

"போட்டவனோ?"

"இன்னும் இல்லை."

மழை பலத்தது. கொட்டிலுக்குள் கோழி ஒருமுறை கத்தி அடங்கியது. றீயூனியன் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூடக் கனிசியஸுக்குத் தெரியாது. வாடைக் காற்று எந்தத் திசைக்குத் தள்ளும் என்பது மட்டும் தெரியும். வெளியே கடலில் இப்போது அலை எந்த உயரம் என்பதும் தெரியும்.

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?" என்று கேட்டார். "என்ரை வாய் நில்லாது எண்டோ? துறை முழுக்கச் சொல்லிப்போடுவன் எண்டோ?"

"அதுக்கில்லையப்பா."

"அப்ப?"

ஸ்ரெல்லா பலகையைக் குனிந்து பார்த்தாள். அதில் அவருடைய முகத்தின் பாதி இருந்தது. வாய் இன்னும் கீறப்படவில்லை.

"தெரிஞ்சிருந்தால் நீங்கள் படலையடியிலை வந்து நிண்டு ஏதேன் பகிடி விட்டிருப்பியள்" என்றாள். "அண்ணை சிரிச்சிருப்பான். பேந்து அவன் போயிருக்கமாட்டான்."